மொரோக்கோ அலைகளுக்குப் போகும் முன்: தகஸூத் பயணத்தை எந்த வரிசையில் திட்டமிடுவது

மொரோக்கோவின் அட்லாண்டிக் கரையில், அகாதிர் நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது தகஸூத். சர்ஃபிங்குக்காக அங்கே முதன்முறை போகிற பலரும் விமான டிக்கெட்டை முதலில் எடுக்கிறார்கள், அப்புறம் அறை, அப்புறம் பலகை. தங்களுக்கு ஏற்ற அலை அந்த மாதத்தில் அந்த ஊரில் இருக்குமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பணமெல்லாம் கட்டியாகிவிடும், எதையும் மாற்ற முடியாது. கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாகத் திருப்பியது. ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

1. உங்கள் நிலையை முதலில் எழுதி வையுங்கள்

தாளில் ஒரே வரி போதும். ஏற்கெனவே உடைந்து வரும் நுரை அலையில் மட்டும் எழுந்து நிற்கிறீர்களா? உடையாத அலையை நீங்களே கைகளால் துடுப்புப் போட்டுப் பிடிக்கிறீர்களா? பிடித்த பிறகு அலையின் பக்கவாட்டில் திரும்பி ஓட்டுகிறீர்களா? மாதமும் ஊரும் பலகையும் இந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவாகும்.

ஆசிரியர் பின்னாலிருந்து தள்ளிவிட்டுப் பிடித்த அலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சொந்தமாகப் பிடித்தது மட்டும்தான் உங்கள் நிலை. சென்னைக் கோவளத்தில் சில வாரப் பயிற்சி முடித்தவர்கள் தங்களை இடைநிலை என்று சொல்லிக்கொண்டு பாறை முனைகளில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மணல் அடியில் பழகிய உடம்புக்குப் பாறை அடி வேறு உலகம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: பலகையில் எந்தக் கால் முன்னால் நிற்கிறது? தகஸூத்தின் பேர்பெற்ற முனை அலைகள், அதாவது கடலுக்குள் நீளும் பாறை முனையை ஒட்டி உடையும் அலைகள் எல்லாமே, அலை மேல் இருந்து பார்த்தால், வலப்பக்கம் உடைந்து ஓடுபவை. இடது கால் முன்னால் வைப்பவர்களுக்கு அலை முகத்துக்கு நேரே இருக்கும். வலது கால் முன்னால் வைப்பவர்கள் அலைக்கு முதுகைக் காட்டித்தான் ஓட்ட வேண்டும். இவர்கள் அதை ஊரிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது.

2. அடுத்தது மாதம்

குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எழும் காற்றழுத்தத் தாழ்வுகள் பெரிய அலை வரிசைகளைத் தெற்கே அனுப்புகின்றன. இதைத்தான் சர்ஃபர்கள் ஸ்வெல் என்கிறார்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை அது அடிக்கடி வரும். டிசம்பர், ஜனவரியில்தான் பலமாக இருக்கும்.

ஆகவே முதல் நிலையில் இருப்பவர்கள் ஏப்ரல், மே அல்லது செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். அலை சிறிது, தண்ணீரும் கொஞ்சம் இதம். கோடையிலும் கற்கலாம், ஆனால் வடக்கிலிருந்து வரும் வலுவான காற்று பல மதியங்களைக் கெடுத்துவிடும். சொந்தமாக அலை பிடிப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர், மார்ச் பொருந்தும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் ஐரோப்பிய விடுமுறைக் கூட்டம் முழுவதும் இங்கே இறங்கும். தண்ணீரில் இடம் கிடைப்பதே பாடு, முடிந்தால் தவிருங்கள்.

ரமலான் எப்போது என்று கட்டாயம் பாருங்கள். இந்த ஆண்டுகளில் அது பிப்ரவரி, மார்ச்சில், அலைக்காலத்துக்கு நடுவே வருகிறது. பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும். சூரியன் மறையும் நேரத்தில் டாக்ஸி கிடைக்காது. உங்கள் ஆசிரியரும் ஓட்டுநரும் நோன்பில் இருப்பார்கள், அதனால் வகுப்பு நேரங்கள் மாறும். போகக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போங்கள். நோன்பு திறக்கும் வேளையில் தண்ணீரில் கூட்டமும் நன்றாகக் குறையும்.

ஒரு நுணுக்கம்: மொரோக்கோ ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னே ஓடுகிறது. ரமலான் மாதத்தில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைக்கிறார்கள். பழைய கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் தரவிறக்கி வைத்திருந்தால் அந்த மாதத்தில் ஒரு மணி நேரம் தவறாகிவிடும்.

3. எந்த ஊரில் தங்குவது

தகஸூத் என்று பொதுவாகச் சொன்னாலும் கரை நெடுக ஊர்கள் உண்டு. தெற்கிலிருந்து வடக்காகச் சொன்னால் அன்ஸா, அவ்ரிர், தம்ராக்த், தகஸூத். அதற்கு மேலே தம்ரி. இன்னும் வடக்கே, காரில் ஒன்றரை மணி நேரம் போனால் இம்சுவான்.

நுரை அலை நிலை என்றால் தம்ராக்த். டெவில்ஸ் ராக், பனானா பாயிண்ட் என்ற சர்ஃப் இடங்கள் இரண்டும் பக்கத்தில் உள்ளன. இரண்டிலும் மணல் பரப்பு உண்டு, பள்ளிகள் வகுப்பு எடுப்பதும் பெரும்பாலும் இங்கேதான். தகஸூத்தில் அறை எடுத்துவிட்டு தினமும் இங்கே வேனில் வருகிறவர்கள் நிறைய. அந்தப் பயண நேரம் வீண்.

சொந்தமாக அலை பிடிப்பவர்கள் தகஸூத்திலேயே தங்கலாம். ஊருக்கு முன்னாலேயே ஹாஷ் பாயிண்ட், தெற்கில் பனோரமாஸ், வடக்கில் நடந்து போகும் தூரத்தில் ஆங்கர் பாயிண்ட். ஆனால் ஆங்கர் பாயிண்ட் பெயருக்காக அங்கே இறங்காதீர்கள். அதற்கு நல்ல ஸ்வெல் வேண்டும். அடியில் பாறை. உள்ளே இருப்பவர்கள் ஒவ்வோர் அலையையும் கணக்காகப் பிடிப்பவர்கள். அலையின் பக்கவாட்டில் தடுமாறாமல் ஓட்ட வரும் வரை கரையில் நின்று பார்த்தாலே நிறையக் கற்கலாம்.

நின்று ஓட்டத் தெரிந்து, ஆனால் ஓட்டம் குறுகியதாகவே இருக்கிறது என்று வருந்துபவர்களுக்கு என் பரிந்துரை இம்சுவான். துறைமுகத்தை ஒட்டிய விரிகுடாவில் அலை மெதுவாக உடைந்து பல நூறு மீட்டர் ஓடும். ஒரே அலையில் திருப்பத்தை மறுபடி மறுபடி பழகலாம், வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பு அது. நீளப் பலகை எடுங்கள். ஒன்று கவனம்: 2024 ஜனவரியில் கடலோரத்தில் இருந்த பல வீடுகளையும் தங்குமிடங்களையும் அதிகாரிகள் இடித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய விடுதிப் பட்டியல்களை நம்பிப் போகாதீர்கள்.

4. பள்ளியோடு பேசும்போது கேட்க வேண்டியவை

தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு சேர்ந்த முகாம்கள் நிறைய உள்ளன. புகைப்படத்தையும் மொட்டைமாடி யோகாவையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பொதுவான தவறு. மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? எட்டுக்கு மேல் போனால் உங்கள் முறை வரும்போது அவர் வேறு யாரையோ தள்ளிக்கொண்டிருப்பார். தினமும் ஒரே கடற்கரையா, அன்றைய அலையைப் பார்த்து இடம் மாற்றுவார்களா? இடம் மாற்றாத பள்ளியில், கடல் மோசமான நாளிலும் அதே மோசமான தண்ணீரில்தான் நிற்பீர்கள். வெட்சூட், அதாவது குளிர் தாங்க அணியும் ரப்பர் உடை, கட்டணத்தில் சேர்ந்ததா, உங்கள் அளவு இருக்கிறதா? குட்டையானவர்களுக்கும் பெரிய உடம்புக்காரர்களுக்கும் அளவு கிடைக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.

ஆசிரியருக்கு உரிமமும் உயிர்காப்புப் பயிற்சியும் உண்டா என்பதையும் கேளுங்கள். தயங்கிப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

5. விசாவும் டிக்கெட்டும் இப்போதுதான்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மொரோக்கோ மின்விசா தருகிறது. அரசின் அக்ஸே மரோக் தளத்திலேயே நேரடியாக விண்ணப்பியுங்கள், இடைத்தரகர் தளங்கள் அதே வேலைக்குக் கூடுதலாக வாங்கும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். விதிகள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் அன்றைய நிலையைத் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாகக் காசாபிளாங்கா போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் அகாதிர் அல் மசீரா நிலையம் செல்வது பொதுவான வழி. லண்டன், பாரிஸ் போன்ற ஊர்களில் வாழ்பவர்களுக்கு அகாதிருக்கே நேரடி விமானம் உண்டு. மராக்கேஷில் இறங்கினால் சாலை வழியே சுமார் 250 கிலோமீட்டர், மூன்று மணி நேரம்.

ஐரோப்பா வழியாக மலிவாக இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்கும் யோசனை இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஆபத்தானது. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமென்றால் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா தேவை. பலகையோடு இருப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்ஃபிங் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். சில திட்டங்களில் அது சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கும்.

6. பலகையும் வெட்சூட்டும்

தொடக்க நிலை என்றால் பலகை கொண்டுபோகாதீர்கள். தம்ராக்திலும் தகஸூத்திலும் வாடகைக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கூடப் பார்க்கலாம். எடுக்கும்போது பலகையின் இரு பக்கமும், மூக்கும், வாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்டால் அந்தப் படம் பேசும். அடமானமாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.

சொந்தப் பலகை கொண்டுபோகிறவர்கள், பயணத்தில் வரும் ஒவ்வொரு விமான நிறுவனத்தின் நீள வரம்பையும் தனித்தனியே பாருங்கள். முதல் விமானம் ஏற்ற பலகையை உள்நாட்டு விமானம் மறுக்கலாம். அளப்பது பையின் நீளத்தை, பலகையினுடையதை அல்ல. பலகையின் அடியில் இருக்கும் ஃபின்களைக் கழற்றி, விளிம்புகளுக்குத் துண்டோ நுரைத்தாளோ சுற்றுங்கள்.

வெட்சூட் விஷயத்தில் நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள், காரணம் புரிகிறது. நம் கரையில் அரைக்கால்சட்டையோடு மூன்று மணி நேரம் நிற்கலாம். கனேரிக் குளிர் நீரோட்டம் ஓடும் அந்தக் கரையில் குளிர்காலத்தில் தண்ணீர் 16, 17 டிகிரிதான். டிசம்பர் முதல் மார்ச் வரை 4/3 தடிமன் (உடம்புப் பகுதி 4 மில்லிமீட்டர், கை கால் 3), மற்ற மாதங்களில் 3/2 எடுங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். கழுத்திலும் இடுப்பிலும் தண்ணீர் உள்ளே பாய்ந்தால் எத்தனை தடிமனாக இருந்தும் பயனில்லை. குளிரில் விரைத்த கை துடுப்புப் போடாது, அரை மணியில் கரையேறிவிடுவீர்கள்.

பாறை அடியுள்ள இடங்களுக்கு ரீஃப் காலணி வாங்குங்கள். சிப்பிகளும் கடல் முள்ளெலிகளும் அங்கே பாறையோடு ஒட்டிக் கிடக்கும்.

7. போகும் முன் ஆறு வாரம்

சர்ஃபிங்கில் பெரும்பகுதி நேரம் குப்புறப் படுத்துத் துடுப்புப் போடுவதுதான். தயாரில்லாத தோள் முதல் இரண்டு நாளிலேயே வீங்கி, மிச்ச நாள்களை மொட்டைமாடியில் கழிக்க வைக்கும். ஆறு வாரம் முன்பே நீச்சலைத் தொடங்குங்கள். நிற்காமல் 400 மீட்டர் நீந்த வராதவர்கள் ஆழத்துக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிவைப்பது நல்லது. பலகையோடு உங்களைக் கட்டியிருக்கும் லீஷ் அறுந்தால் நீந்தித்தான் கரை சேர வேண்டும்.

வீட்டுத் தரையில் தினமும் குப்புறப் படுத்து எழுந்து நிற்கும் பயிற்சி செய்யுங்கள். மெதுவாக, ஒவ்வொரு முறையும் கால் அதே இடத்தில் விழும்படி.

8. பணமும் போக்குவரத்தும்

மொரோக்கோ நாணயமான திர்ஹாமை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டு போக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூரோ எடுத்துப் போய் அங்கே மாற்றுங்கள். இந்திய ரூபாய் மாற்றுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சின்னக் கடை, டாக்ஸி, பலகை வாடகை எல்லாம் பெரும்பாலும் ரொக்கம்.

டாக்ஸியில் பலகையை ஏற்றும் முன்பே கட்டணத்தைப் பேசி முடியுங்கள், பலகைக்கும் சேர்த்து. மூன்று பேருக்கு மேல் என்றால் வாடகைக் கார் நல்லது. அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை எடுத்துச் செல்லுங்கள். ட்ரோன் வேண்டாம். அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் காய்கறி கூஸ்கூஸ் என்று எழுதியிருந்தாலும் குழம்பு இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. முன்னறிவிப்பைப் படிப்பது

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். சர்ஃப்லைன், விண்டி, விண்டுகுரு என எந்த முன்னறிவிப்புச் செயலியானாலும் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: உயரம், நொடி, திசை, காற்று. புதியவர்கள் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

நொடி என்பது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம். 2 மீட்டர் 9 நொடியும், 2 மீட்டர் 15 நொடியும் ஒன்றல்ல. ஆழ்கடலில் 9 நொடி அலையின் நீளம் சுமார் 125 மீட்டர், 15 நொடி அலையினது சுமார் 350 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே அடித்தரையை உணரத் தொடங்கும். அதனால் நீண்ட நொடி அலை முன்கூட்டியே வளையும், கரை நெருங்கும்போது அதிகமாக எழும்பும்.

இது தகஸூத்தில் ஏன் முக்கியம்? வடக்கே கீர் முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வடமேற்கு ஸ்வெல் அந்த முனையைச் சுற்றி வளைந்துதான் தகஸூத்துக்கு வர வேண்டும். நீண்ட நொடி அலை வளைந்து வந்து சேரும், குறுகிய நொடி அலையில் பெரும்பகுதி கடந்து போய்விடும். ஆகவே முன்னறிவிப்பில் 2 மீட்டர் என்று பார்த்து ஓடி வந்தால் முழங்கால் அலை இருக்கும், அல்லது அதே 2 மீட்டர் தலைக்கு மேல் எழும்பும். மேற்கு ஸ்வெல் என்றால் முனை மறைக்காது, நேராக வரும்.

இதையே திருப்பியும் பயன்படுத்துங்கள். தகஸூத்தில் கடல் படுத்துக் கிடக்கும் நாளில் திறந்த கரையான தம்ரியில் அலை இருக்க வாய்ப்பு உண்டு, தெற்கே அன்ஸாவிலும் பாருங்கள். பெரிய ஸ்வெல் நாளில் பனானா பாயிண்டும் இம்சுவான் விரிகுடாவும் தணிந்து, ஓட்டும்படி இருக்கும்.

காற்றில் திசைதான் முதல். குளிர்காலக் காலைகளில் பெரும்பாலும் நிலக்காற்று, அது அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து வழுவழுப்பாக வைக்கும். மதியம் கடற்காற்று வந்ததும் அலை கலைந்துவிடும். செயலிகள் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கின்றன, எங்கே போகிறது என்பதை அல்ல. வடகிழக்கு என்று இருந்தால் அது நிலத்திலிருந்து கடலுக்கு, அதாவது நல்லது.

அடுத்து கடல் ஏற்றமும் இறக்கமும். சென்னையில் இந்த வேறுபாடு ஒரு மீட்டர் அளவு, இலங்கையின் அறுகம் குடாவில் அதற்கும் குறைவு. அதனால் நம் கடலில் பழகியவர்களுக்கு இதைப் பார்க்கும் வழக்கமே கிடையாது. தகஸூத் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் அருமையாக ஓடிய அலை மதியம் காணாமல் போகும், நீரில் மூழ்கியிருந்த பாறை தலை நீட்டும். இம்சுவான் விரிகுடா தண்ணீர் இறங்கியிருக்கும்போதுதான் நன்றாக ஓடும், நிரம்பிவிட்டால் சோம்பிவிடும். ஆங்கர் பாயிண்டும் தாழ்ந்த நீரிலிருந்து நடுத்தர நீர் வரைதான் நன்று.

ஏற்ற இறக்க நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு இறக்கம் என்றால் ஐந்து நாளில் அது மதியத்தை எட்டிவிடும். போகும் முன்பே அந்த நாள்களின் அட்டவணையைப் பார்த்து, இம்சுவானுக்கு எந்த நாள் என்று குறித்துவிடுங்கள்.

கடும் மழை பெய்தால் ஓடைகள் ஊர்க் கழிவையெல்லாம் கடலில் சேர்க்கும். தண்ணீர் பழுப்பாக இருக்கும்வரை ஓடை வாய் அருகே, குறிப்பாக பனானா பாயிண்ட் பக்கம், இறங்க வேண்டாம்.

10. தண்ணீரில் முதல் நாள்கள்

வந்திறங்கிய அன்றே ஓடாதீர்கள். முதல் நாள் கரையில் நடந்து, எங்கே உள்ளே போகிறார்கள், எங்கே வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் இருபது நிமிடம் கரையில் உட்காருங்கள். நீண்ட நொடி ஸ்வெல்லில் பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டு, அப்புறம் பத்து நிமிடத்துக்கு மேல்கூட கடல் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து இறங்குபவர்கள் பாதி தூரத்தில் அடுத்த கூட்டத்தில் சிக்குவார்கள். நான் பார்த்த புதியவர்களின் பயங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கியது.

கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்துத் துடுப்புப் போடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நுரை உடையும் பகுதிக்கு வாருங்கள். பலகையை விடாதீர்கள், உங்களைத் தாங்குவது அதுதான்.

முன்னுரிமை விதி எளிது: அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. வலப்பக்கம் ஓடும் அலையில் உங்கள் இடது தோளுக்கு மேலே திரும்பிப் பாருங்கள். அங்கே யாராவது எழுந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். தவறிப் போய் குறுக்கே வந்துவிட்டால் கையை உயர்த்தி மன்னிப்புக் கேளுங்கள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். வெளியே போகும்போது ஓட்டிக்கொண்டிருப்பவரின் பாதையில் குறுக்கிடாமல், நுரைப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். அடி வாங்குவீர்கள், ஆனாலும் அதுதான் முறை.

மூன்று நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வையுங்கள். அவ்ரிரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போகும் பாரடைஸ் பள்ளத்தாக்கு அதற்கு ஏற்ற இடம்.

11. அடிபட்டால்

பாறைக் கீறலைச் சுத்தமான குடிநீரால் நன்றாகக் கழுவி, கிருமிநாசினி போடுங்கள். சிறு கீறல்தானே என்று அடுத்த நாளும் கடலில் இறங்கினால் சீழ் பிடிக்கும். கடல் முள் குத்தினால் காலைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கியால் மெதுவாக எடுங்கள். உடைந்து உள்ளே நின்றால் மருந்தகத்தில் காட்டுங்கள். எலும்பு, தலை, கழுத்து என்றால் அகாதிர் மருத்துவமனைதான்.

ஆம்புலன்சுக்கு 15. நகரத்தில் காவல்துறைக்கு 19. தகஸூத் போன்ற ஊர்ப்புறங்களில் காவல் பணி செய்யும் ஜெண்டார்மரிக்கு 177. காகிதத்தில் எழுதி அறைச் சாவியோடு வையுங்கள், கைபேசி ஈரமானால் அது உதவும்.

12. திரும்பும் நாள்

கடைசி நாள் காலையிலும் ஒருமுறை இறங்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஈர வெட்சூட் பெட்டியில் பல கிலோ கூட்டும், பலகை உறையும் காயாது. முந்தின நாள் மாலையோடு முடித்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும்.

மிச்சத் திர்ஹாமைப் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். முதலில் யூரோ மாற்றியபோது தந்த ரசீதை அங்கே கேட்பார்கள், அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.